யாரைப் பார்க்க

டெர்பிஷயரிலிருந்து தில்ஷாத் படம் அனுப்புகிறாள்,
ஞாயிறுதோறும் ஒரு மாளிகை.
புல்வெளி, கத்தரித்த வேலி, குளத்து நடுவே கல் வாத்து.
பதினெட்டு பவுண்டு கொடுத்தால்
பிரபு குளித்த தொட்டியைக்
கயிறு கட்டிக் காட்டுவார்களாம்.
"நம்ம ஊர்ல இதெல்லாம் ஏதுடி" என்று எழுதியிருந்தாள்
முதுநகரில் பிறந்தவள்.

ரோஷம் வந்துவிட்டது.
மஞ்சக்குப்பத்தில் இல்லையா ஒன்று?
பஸ்ஸில் போகும்போதெல்லாம் மதிலுக்கு மேலே
வெள்ளைத் தூண்களின் தலை மட்டும் தெரியுமே,
அது.

திங்கட்கிழமை, அரைநாள் லீவு.
வாசலில் தெய்வசிகாமணி, சட்டைப்பையில் இரண்டு பேனா.
பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.
பெயர். ஊர். நேரம். யாரைப் பார்க்க.
"வீட்டை" என்றேன்.
"வீட்டுல யாரை?"
"வீட்டைத்தாங்க."
என் பைக்குள் எட்டிப் பார்த்தார்:
டிபன் டப்பா, குடை.
இரக்கப்பட்டு அவரே எழுதிக்கொண்டார், மனு.
டோக்கன் நூற்று நாற்பத்தொன்று.

ஆக, இங்கே இலவசம்.
வரிசை நகர நகர வீடு தெரிந்தது.
மூன்று ஆள் உயரக் கதவு,
குதிரையோடு உள்ளே வருவார்களோ என்னவோ.
பங்கா இழுத்த கயிறு போன துளையில்
இப்போது இன்டர்நெட் வயர்.
பட்டா கேட்டு வந்த அம்மாள்
தூணில் முதுகைச் சொறிந்துகொண்டாள்.
இருநூறு வருஷத்துத் தூண், ஒன்றும் சொல்லவில்லை.

பக்கவாட்டில் தோட்டம்.
புயலில் போன மரத்தின் அடிக்கட்டையில்
இரண்டு பியூன்கள் புளிசாதம் பிரித்தார்கள்.
யாரோ ஒரு துரைசானி ரோஜா நட்டு
உப்புக்காற்றிடம் தோற்றிருப்பாள்.
அதே பாத்தியில்
இன்னும் நட்டுத் தோற்கிறார்கள்.
புல்லுக்கு மட்டும் குறையில்லை.
சுழல்குழாய் சுற்றிச் சுற்றித் தெளித்தது,
அதில் வானவில்கூட விழுந்தது, சத்தியமாய்.
படம் எடுத்தேன்.
எடுத்த கை இறங்குமுன் கணக்கு வந்தது:
எங்கள் தெருக்குழாய்க்கு இன்று பதினோராம் நாள்.

நூற்று நாற்பது உள்ளே போனார்.
குடையை அக்குளில் இடுக்கி,
பின்னால் நின்றவரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி,
டிபன் டப்பாவை மேஜையாக்கி எழுதினேன்.
ஒன்பது வரி. கையெழுத்து கோணல்.

பஸ் ஏறியதும் வானவில்லை அனுப்பினேன்.
கெடிலம் பாலம் தாண்டுமுன் பதில்:
"அழகா இருக்குடி! டிக்கெட் எவ்வளவு?"

ரசீதைப் பிரித்துப் பார்த்தேன்.
"முப்பது நாளாம்."