சாதாரணப் பயனர்

எனக்குத் தந்தது ஒரு பயனர் பெயர்,
சக்கரம் ஒன்று கழன்ற நாற்காலி,
மீட்டர் எண்களைப் பதிகிற ஒரே ஒரு திரை.
"இதற்கு மேல் எதுவும் கிடையாது" என்றார் வைதோதாஸ்,
பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்.
வேண்டாம் என்றேன்.
உடைக்க வருகிறவன் கையில் யாரும்
சாவிக்கொத்தைக் கொடுத்து அனுப்புவதில்லை.

கிளைபேடாவில் சனவரி. கழிமுகம் உறைந்து
படகுகள் பல் கிட்டி நிற்கின்றன.
இந்த நிறுவனம் கொதிக்கவைத்த நீர்
தெருக்களுக்கடியில் குழாய் குழாயாய் ஓடி
வீடுதோறும் சுவருக்குள் மூச்சு விடுகிறது.
அதை ஒருவன் நிறுத்த முடியுமா என்று பார்க்கத்தான்
எனக்குக் கூலி.
நிறுத்தாமல் பார்க்க.

முதல் நாள் ஒன்றும் சிக்கவில்லை.
இரண்டாம் நாள், எல்லோருக்கும் திறந்த ஃபோல்டரில்,
பீட்ரூட் சூப் போடுகிற நாட்களின் பட்டியலுக்கும்
யாருடைய பிறந்தநாள் படங்களுக்கோ நடுவே
ஒரு சின்னக் கோப்பு.
இரவு இரண்டேகாலுக்குத் தானே விழித்து
கொதிகலன் சர்வரோடு பேசிவிட்டுத் தூங்கும் நிரல்.
அதன் வயிற்றில், ஒரு துணிகூடப் போர்த்தாமல், கடவுச்சொல்.
பக்கத்தில் எவரோ எழுதிய குறிப்பு:
"தற்காலிகம். திங்கட்கிழமை மாற்றிவிடுவேன்."
பதினோரு வருடத்துத் திங்கட்கிழமைகள்.

தட்டினேன். திறந்தது.
ஊரின் சூடு முழுவதும் ஒரே எண்ணாக:
எண்பத்திரண்டு.
கர்சர் அதன்மேல் போய் நின்றது.
என் சுண்டுவிரலுக்கும் விசைக்கும் நடுவே
ஒப்பந்தத்தின் ஆறாம் பத்தி மட்டும்.
பார்க்கலாம். தொடக் கூடாது.
படம் எடுத்தேன், நேரம் குறித்தேன்.
உள்ளங்கை வியர்த்திருந்தது.
சந்தோஷமாகவும் இருந்தது; அதை எழுத
அறிக்கையில் கட்டம் இல்லை.

வெளியேறும் முன் பதிவேட்டைப் புரட்டினேன்.
எனக்கு முன்பே யாரோ
வந்து போயிருக்கிறார்கள்.
குளிர்காலம்தோறும், ஏழெட்டுத் தடவை.
மாலை ஐந்தரைக்கு வடக்குக் கிளையில் நாலு டிகிரி ஏற்றம்,
காலை எட்டு இருபதுக்கு நாலு டிகிரி இறக்கம்.
அடிவயிறு ஜில்லென்றது.
வந்த கணினியின் எண்ணைத் தேடினேன்.
என் இடது பக்கத்து மேசை.

கெனோவைதே கறுப்பு ரொட்டிமேல்
உப்புமீனை வைத்துக்கொண்டிருந்தாள்.
"ஆமாம், நான்தான்" என்றாள், மெல்வதை நிறுத்தாமல்.
"கிளையின் கடைசியில் பிள்ளைகள் இல்லம் இருக்கிறது.
அங்கே போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் ஆறிப்போகும்.
கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிடுவேன்.
மணி அடித்துக்கொண்டே இருக்கும்.
எடுக்காவிட்டால் நானே போட்டுவிடுவேன்."
யார் காட்டிக்கொடுத்தது?
"ஒருவரும் இல்லை. சூப் என்றைக்கு என்று பார்க்கப் போனேன்.
இது கிடந்தது."

அன்றிரவு அறிக்கை எழுதினேன்.
தீவிரம்: மிக அதிகம்.
கோப்பை நீக்குக. கடவுச்சொல்லை மாற்றுக.
முந்தைய நுழைவுகள் உண்டு; சேதம் இல்லை.
அவள் பெயரை எழுதவில்லை, கணினியின் எண்ணை எழுதினேன்.
இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்,
வைதோதாஸுக்கும் தெரியும்.
எழுதாமல் விட்டிருந்தால்
நான் யாருடைய ஆள்?

பரிந்துரை ஒன்பதை அவர் இரண்டு முறை படித்தார்:
கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசியை யாராவது எடுக்க வேண்டும்.
"இது ஹேக்கிங் சம்பந்தப்பட்டதா, ஸ்கிர்மான்தே?"
பதில் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு என் கணக்கு செத்தது.
அதற்குச் சற்று முன், கடைசிச் சோதனையாக,
பழைய கடவுச்சொல்லை அடித்தேன்.
அனுமதி இல்லை.
நல்லது. அதுதான் வேண்டும்.
கெனோவைதே தன் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
என்னிடம் சொல்லாமல் போனாள்.

ரயிலடியில் பூச்சியத்துக்குக் கீழே பதினேழு.
கையுறையைக் கழற்றி அந்த எண்ணை அழைத்தேன்.
ஒருமுறை அடித்தது.
நாலு முறை.
ஒன்பது.
குறித்துக்கொண்டேன்:
மாலை ஐந்து நாற்பத்தொன்று. பதில் இல்லை.
சோதித்தவர்: சாதாரணப் பயனர்.