எங்க பக்கம் எல்லாம் சரி

மூன்று நாளாக
அர்த்தநாரி சேகோ மில்லின் இணையதளம்
திறக்கவில்லை.
உள்ளே எல்லாம் இருக்கிறது, நானே ஏற்றினேன்:
அயோத்தியாப்பட்டணத்துக் களத்தில் காயும் ஜவ்வரிசி,
நீல லாரி,
கையைக் கட்டிக்கொண்டு முதலாளி நிற்கும் ஒரு படம்.
பெயரைத் தட்டினால் மட்டும்
பழைய சர்வருக்கே ஆளை அனுப்புகிறது,
காலி செய்துவிட்டுப் போனவர் விலாசத்துக்குக்
கல்யாணப் பத்திரிகை போவதுபோல.

இடம் கொடுத்தவன் சொல்கிறான்:
"நேம்சர்வர மாத்துங்க மேடம்,
எங்க பக்கம் எல்லாம் சரி."
பெயர் விற்றவன் சொல்கிறான்:
"எங்க பக்கமும் சரி."
இரண்டு பக்கமும் சரியாக இருக்கிற சண்டையில்
நடுவில் நிற்பவளுக்குத்தான் தலைவலி.

டொமைன் யார் பேரில் என்று தோண்டினேன்.
கைலாசம்.
ஓடிபி போவது 47 என்று முடியும் ஒரு நம்பருக்கு.

"தம்பிதாங்க" என்றார் அர்த்தநாரி,
சுவரைப் பார்த்துக்கொண்டு.
களத்தை இரண்டாக வெட்டும் ஹாலோபிளாக் சுவர்,
இன்னும் பூசவில்லை.
பாய்லர் இவருக்கு, போர்வெல் அவருக்கு,
மேற்கே தென்னை ஏழு, கிழக்கே ஆறும் ஒரு புளியும்
எல்லாம் பத்திரத்தில் ஏறியிருக்கிறது.
வருஷம் தொள்ளாயிரம் ரூபாய் பெறும் ஒரு பெயரை
யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

நான்கு வருஷமாக அதற்குப் பணம் கட்டுவது
தம்பியின் கார்டு.
மறந்து போய்க் கழிகிறதா,
தெரிந்தே விட்டிருக்கிறாரா,
பில்லில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.
நான் சொன்னதும் அர்த்தநாரி
மாவு நாற்றம் அடிக்கும் தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி
கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தார்.

"நீங்களே கூப்பிடுங்க மேடம்."
கூப்பிட்டேன். எடுக்கவில்லை.
மறுபடி. எடுக்கவில்லை.
தெரியாத நம்பரை யார் எடுப்பார்கள்.

கடைசியில் அவரே தன் போனில் அழைத்தார்.
முதல் மணியிலேயே எடுத்த சத்தம் எனக்கும் கேட்டது.
ஹலோ இல்லை, அண்ணா இல்லை.
"ஒரு நம்பர் வரும். சொல்லு."
சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு போன்
டிங் என்றது.
"ஒம்பது. ரெண்டு. ரெண்டு. சைபர்..."
அர்த்தநாரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்,
நான் தட்டினேன்.
ஐந்தாவது இலக்கத்தில் தம்பி இருமினார்.
"மாத்திரை எடுக்கிறியா" என்று கேட்டுவிட்டார் இவர்.
பத்து நிமிஷம்தான் செல்லும் அந்த ஓடிபி,
ஆறாவது இலக்கம் வர
எவ்வளவு நேரம் ஆனது என்று
நான் மட்டும்தான் எண்ணினேன்.
"ஏழு" என்றது போன்.

மாற்றினேன்.
கோடியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வெற்றிடத்தை அழித்தேன்,
மெயில் போகிற வழியை விட்டுவிடாமல் எழுதினேன்,
அதில் கைலாசம் பேரிலும் ஒரு பெட்டி இருந்தது.
எடுத்துவிடவா என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

"எப்பங்க தெரியும்?"
"நாற்பத்தெட்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம்.
ஊர் ஊராத் தகவல் போய்ச் சேரணும்.
சிலருக்குப் புதுசு தெரியும், சிலருக்குப் பழசே நிற்கும்."
"அது சரி" என்றார்,
ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்டவர்போல.

டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட்.
சேர்வராயன் மலையில் ஒரு வண்டி இறங்குகிறது,
வளைவுக்கு வளைவு விளக்கு அணைந்து
கீழே வேறெங்கோ எரிகிறது.
துபாய் வாங்குபவருக்குத் திறந்துவிட்டதாம்.
நாமக்கல்லுக்கும் வந்தாச்சு.

பழைய பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அழைப்பு.
47.
"ஏனுங்க, எங்கூட்டுல இன்னும் தொறக்கலீங்களே."
"உங்க போன்ல பழசு தங்கியிருக்கும் சார்,
கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
ஜவ்வரிசி சலிக்கும் மெஷின் மட்டும்
பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"கேஷெல்லாம் அப்பவே கிளியர் பண்ணியாச்சுங்க.
அண்ணங்கிட்டயே கேட்டுப் பாருங்க."