இருபத்தொன்பது சி

பெயர் வைக்கக் கூடாது
என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.
பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.
எந்த பஸ் போகும் வழியில் கிடைத்ததோ
அந்த நம்பர், அவ்வளவுதான்.

ஐந்து சி மூன்றே நாள் இருந்தது.
நாற்பத்தேழு டி இப்போது கொரட்டூரில்
ஒரு கணக்கு வாத்தியார் வீட்டு சோபாவில் தூங்குகிறது.
ரோஜர் என்று கூப்பிட்டால்தான் திரும்புமாம்.
பதினைந்து பி பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவள் இருபத்தொன்பது சி.
பெரம்பூரில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில்
நான்கில் மிச்சம் ஒருத்தி.
கண் திறக்காத கறுப்பு.
ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு
வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.
ஆட்டோக்காரர் மீட்டரும் போடவில்லை, பேரமும் பேசவில்லை.
இறங்கும்போது கேட்டார்:
"பொழச்சிடுமாம்மா?"

இரண்டு மணிக்கொரு தரம் பால்.
பசும்பால் ஆகாது, டப்பாப் பால்.
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து
ஊசி கழற்றிய சிரிஞ்சில்.
குடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவ வேண்டும்;
தாய் நக்கினால்தான் இவர்களுக்கு மூத்திரமே வரும்.
நாற்பத்திரண்டு வயதில் ஒருத்தி
விடியாத மூன்று மணிக்கு
தன் உள்ளங்கையைப் பார்த்து
"ஒன்னுக்குப் போடி தங்கம்" என்று கெஞ்சியதை
எதிர் பிளாட் பால்கனியில் சிகரெட் பிடித்தவர்
பார்த்திருக்கலாம்.

பதினைந்து பி.
சொல்கிறேன் என்றேன்.
பார்வோ.
ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில்
வாடை தரையை விட்டுப் போனது.
இன்னொரு குட்டியைக் கொண்டுவர
ஆறு மாதம் பொறுங்கள் என்றார் டாக்டர்.
நான் பதினான்கு மாதம் பொறுத்தேன்.

இவளுக்குக் கண் திறந்தபோது
முதலில் பார்த்தது என்னை அல்ல,
கேஸ் சிலிண்டரை.
அதுதான் அம்மா என்று முடிவு செய்து
அதன் சிவப்பு வயிற்றில் முதுகை ஒட்டியே தூங்கினாள்.
பால் கொடுக்கும் நான்
வேலைக்காரி.

பிறகு பல் வந்தது.
ஒரு ஜோடி செருப்பு, மிக்ஸி வயர்,
கரண்ட் பில்,
குடியிருப்போர் சங்கம் அனுப்பிய நோட்டீஸ்.
கடைசியதை மட்டும் நான் பிடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள்.
"ஆண் இல்லீங்களா?"
"கொஞ்சம் வெளுப்பா இருந்தா பரவால்ல."
"என்ன ஜாதி?"
"நாட்டு நாயா... சரி,
வீட்ல கலந்துக்கிட்டு சொல்றோம்."

இந்த வசனம் எனக்கு மனப்பாடம்.
இதே நாற்காலிகள்தான்.
அப்போது பஜ்ஜியும் உண்டு.
நான் தலையைக் குனிந்திருந்தேன்;
இவள் வந்தவரின் சாக்ஸைக் கடித்தாள்.

போன வாரம் மந்தைவெளியிலிருந்து எஸ்தர் மலர்விழி.
இட்லி மாவு அரைத்து விற்கிறவள்,
நகக்கண்ணில் உளுந்து வெள்ளை.
நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.
நிறம் கேட்கவில்லை.
"ராத்திரி அழுவாளா?
அழுதா நான் என்ன பண்ணணும்?"

இத்தனை ஞாயிறு நான் காத்திருந்த கேள்வி.
பதில் சொல்லத் தொண்டை வரவில்லை.

ஊசி போட்ட கார்டு, பாதி மூட்டைத் தீவனம்,
என் பழைய நைட்டி ஒன்று.
கார்டில் பெயர் என்ற இடம் காலி.
"நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.
அவள் நம்பர் பஸ் நேராக மந்தைவெளி போகும்,
நாயை ஏற்ற மாட்டார்கள்.
ஆட்டோவில் போனார்கள்.
திரும்பிப் பார்த்தாளா என்று
நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சிலிண்டர் பையன் வந்தான்,
தோளில் புதியது.
"காலி எடுத்துட்டு வாங்கக்கா."

இரண்டு நாளாய் அடுப்பு எரியவில்லை.
சிலிண்டர் ஓரத்தில்
பல் பதிந்த நோட்டீஸ் துண்டு.

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா,
அப்புறம் வா" என்றேன்.

தூக்கிப் பார்த்திருந்தால்
அவனுக்குத் தெரிந்திருக்கும்.