ஸ்கார்ப்பர்

குளச்சலில் எனக்கு வலைக்கடை.
கப்பல் சமையல்காரன் டெல்லஸ்
லண்டன் சந்திலிருந்து கொண்டுவந்த சொல்
ஸ்கார்ப்பர்:
காசு கொடுக்காமல் நழுவுவது.

இத்தாலிக்காரன் வாயில் பிறந்தது என்றான்.
இல்லையில்லை,
ஸ்காப்பா என்று வடக்கே ஒரு துறைமுகம்,
எதுகைக்காக இழுத்துக்கொண்டார்கள் என்றான்.

"நம்ம பக்கம் என்ன சொல்லுவிய?"
கம்பி நீட்டுவது, என்றேன்.
"எந்தக் கம்பி ஓய்? எவன் நீட்டுனான்?"

ராத்திரி முழுக்க அதே யோசனை.

காலையில் அவன் வீட்டில் பூட்டு.
தம்பி வள்ளத்துக்கென்று எடுத்த
நைலான் வலை இரண்டு கட்டு,
பதினோராயிரத்து நானூறு.

பற்று நோட்டில் அவன் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் எழுதினேன்:
ஸ்கார்ப்பரித்தான்.

விகுதி தப்பென்றால்
வந்து திருத்தட்டும்.