கால் சுற்று

தெப்பக்குளத்தின் தென்கரையில்
கூழ்வண்டிக்கும் மூன்றாம் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே
யாரும் பார்க்காத நேரம் என்று ஒன்று கிடையாது.
ஐந்தேகாலுக்கே ஊர் சுற்றுகிறது.
காதை மஃப்ளரால் கட்டியவர்,
முளைப்பயறு டப்பாவோடு இரண்டு ஏட்டையாக்கள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலில் ஒரு சர்க்கரைக்காரர்,
எல்லோரும் கோயில் மாதிரி வலமாக.
நான் மட்டும் எதிரே வருகிறேன்.
புதுசு இடது பக்கம். சாலைச் சரிவில்
அது மேட்டில் வர வேண்டும் என்று
ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள்.

எட்டு மாதம்.
முதலில் தொடைகளுக்கு நடுவே தலையணை.
பிட்டத்தை இறுக்கு, ஐந்து எண்ணு, விடு.
தபாலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவளுக்கு
எண்ணச் சொல்லியா தர வேண்டும்.
பிறகு கணுக்காலில் ஒரு கிலோ பொன்னி அரிசி,
பையோடு கட்டிக் கட்டிலோரம் தூக்கினேன்.
கடைசியில் அதையே உலையில் போட்டோம்.
தனுஷ்கோடி மட்டும் சோற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

குந்தக் கூடாது. சம்மணம் கூடாது.
குனிந்து கொலுசு மாட்டக் கூடாது.
நாத்தனார் பேத்தி காதுகுத்தில்
எல்லோரும் தரையில் இலை முன்னால்,
எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல்.
மேலேயிருந்து பார்த்தால்
எங்கள் சொந்தத்தில் ஆம்பளை அத்தனை பேருக்கும்
உச்சியில் வழுக்கை.

எடுத்த எலும்பை டாக்டர் செல்போனில் காட்டினார்.
அணில் கொறித்துப் போட்ட கொய்யாக்காய்.
பத்தொன்பது வயதில், இரவல் ஸ்பைக்ஸில்,
மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடியது அது.
இரண்டு பிள்ளையைச் சுமந்தபோது என்னைச் சுமந்தது.
இப்போது எங்கே என்றேன்.
மஞ்சள் பையில் போட்டு அனுப்பியாச்சும்மா, எரிச்சிருவாங்க.
எனக்கு முன்னாலேயே என்னில் கொஞ்சம்
போய்ச் சேர்ந்துவிட்டது.
தீட்டு உண்டா என்று யாரையாவது கேட்க வாய் வந்தது.

நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம்,
ஓட்டம்... என்று இழுத்தவர்
பேனாவை மூடினார்.
மூடியதை நான் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.
ஜெசிந்தாதான்
புதுக்காலில் மட்டும் முப்பது எண்ணும்வரை நிற்கவைத்துப் பார்த்து,
ஒருநாள் டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து,
கம்பத்துக்குக் கம்பம் என்றாள்.
"வெரசா வேணாம்க்கா.
வலிச்சா அன்னைக்கோட நிப்பாட்டிரணும்."

இன்றைக்கு.
கூழ்க்காரர் வெங்காயம் உரிக்கிறார்.
மைய மண்டபம் இன்னும் வெறும் கறுப்பு.

ஓடினேன்.
ஓட்டம்தான் என்று சாட்சி சொல்ல
அந்த இரண்டு ஏட்டையாக்களே யோசிப்பார்கள்.
வலது கால் என் பழைய சத்தம்.
இடது கால்
யாரோ என் பின்னால் வருகிற மாதிரி.
இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

எழுபத்தொன்று, எழுபத்திரண்டு,
மூன்றாம் கம்பத்தைப் பிடித்து நின்றேன்.
இரும்பு ஜில்லென்றிருந்தது.
உள்ளே இருப்பதும் இப்படித்தானோ, இல்லை
என் சூட்டுக்குப் பழகியிருக்குமோ.

போன வாரம் மீனாட்சி கோயில் வாசலில்
சோதனைக் கருவி இடுப்பருகே கத்தியது.
போலீஸ்காரப் பெண் தட்டித் தடவி,
"என்னக்கா இது?"
என்னுதுதான் என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"பஸ்ஸுக்கா ஓடுனீக?" என்கிறார் கூழ்க்காரர்.
"சும்மாண்ணே."
"அப்பம் முழுச் சுத்து?"
இந்தக் கரையை முழுசாக ஓடினாலே
கால் சுற்றுதான்.
அதற்கு இன்னும் பதினோரு கம்பம் இருக்கிறது.
மோர்மிளகாய் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொண்டு
நின்றபடியே குடித்தேன்,
பாரத்தை இரண்டு காலுக்கும் மாற்றி மாற்றி.