பத்தொன்பதுக்குப் பூஜ்யம்

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மிஷின் ஓயும்போது
மணி நாலரை.
சேற்றை ஓஸ் பைப்பால் அடித்துத் தள்ளிவிட்டால்
சிமெண்ட் தளம் எங்களுக்கு.
ஐஸ் மைதானத்தில் பாதிகூட இல்லை.
மூலையில் ஒரு சாக்கடை மூடி;
அதில் சக்கரம் மாட்டி விழாதவள்
அணியில் யாருமில்லை.

இந்த ஆட்டத்துக்குப் பந்து கிடையாது, வட்டு.
அதன் விலையைக் கேட்ட அன்று
சலீமா, தரம் பிரித்துக் கழித்த பீட்ரூட் ஒன்றை
இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி
மீன் கடை ஃபிரீசரில் போட்டுவைத்தாள்.
கல் மாதிரி ஆனது.

நான் கோல்கீப்பர்.
காலில் யாரோ கழற்றிப் போட்ட கிரிக்கெட் காப்பு,
பிய்ந்த இடத்தில் தேங்காய் நார்.
ஆட்டம் முடிந்ததும் அதைச் சுவரில் சாய்த்துக்
கறைகளை எண்ணுவோம்.
இடது முழங்காலில் ஏழு.
வலது கணுக்காலில் ஒன்றே ஒன்று.
வலப்பக்கம் நான் நகர்வதே இல்லை என்று
எந்த வீடியோவும் சொல்லவில்லை,
பீட்ரூட் சொன்னது.

விதிகள் போனில் இருந்தன, இங்கிலீஷில்.
நீலக்கோடு எதற்கென்று
யோகராணிதான் உடைத்துச் சொன்னாள்:
"மூட்டை ஏறுறதுக்கு முன்னாடி
லாரியில நீ ஏறாதே. அவ்ளோதான்."
தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம்.
எந்தக் கோட்டை எப்போது தாண்டலாம் என்று
அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் தடவை ஸ்பிதிக்குப் போனோம்.
மூன்று ரயில், இரண்டு பஸ்,
ஜெனிட்டா மட்டும் நாலு வாந்தி.
சக்கரம் சொன்னதைக் கேட்கும்.
ஐஸில் கத்தி
தானாக முடிவெடுத்துவிட்டு
அப்புறம் நமக்குச் சொல்கிறது.
பத்தொன்பதுக்குப் பூஜ்யம்.
இடைவேளையில் எதிரணிப் பெண்ணொருத்தி
தன் பையிலிருந்து நாடா எடுத்து
என் மட்டையில் சுற்றிக் கொடுத்தாள்.
ஏழு கோல் அவள் போட்டதுதான்.

ஊரில் பேக்கரிக்காரர் கேட்டார்:
"பத்தொன்பதா? கபடியாம்மா?"

அடுத்த வருஷம் பதினாலு.
அதற்கடுத்து பதினொன்று.
குறைந்த எட்டும் எங்கே போயின என்று கேட்டால்
காப்பைத் திருப்பிக் காட்டுவேன்.

நாலாம் வருஷம், மூன்றாம் பகுதியில்,
சுஷ்மிதா அடித்த அடி
யாரோ ஒருத்தியின் ஷூவில் பட்டு
வழி தவறி வலைக்குள் போனது.
அறிவிப்பாளர் 'தமிழ்நாடு' என்று முடிப்பதற்குள்
நாலு பேர் குப்புறக் கிடந்தார்கள்.
ஜெனிட்டா மட்டும் எழுந்துபோய்
வட்டை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.
நடுவர் கேட்டார். தரவில்லை.
அதட்டினார். தரவில்லை.
வேறு வட்டு வந்தது.
ஒன்பதுக்கு ஒன்று.

யோகராணியைத் தேசிய முகாமுக்குக் கூப்பிட்டார்கள்.
இத்தனை கோடி ஜனம் இருந்தும்
இந்த ஆட்டத்தில் நாம் ஒரு குட்டி நாடு.
எங்கோ வெளிநாட்டில், கூரை போட்ட ஐஸில்,
எட்டுக்குப் பூஜ்யம் தோற்ற ராத்திரி
போன் செய்தாள்.
அழுவாள் என்று நினைத்தேன்.
"போன வருஷம் பன்னெண்டாம்டி" என்றாள்,
"இங்கேயும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க."

இன்று தை பிறந்து ஒன்பதாம் நாள்.
காலையில் கழுவும் தொட்டியின் மேல்
அப்பளக் கனத்துக்கு ஐஸ்.
சுஷ்மிதா கட்டைவிரலை வைத்தாள்.
தாங்கியது,
அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கும் வரை.

சாயந்தரம் மூன்று லாரி தாமதம்.
தளம் இன்னும் ஈரம்.
சலீமா பீட்ரூட் வெட்டுகிறாள், கையெல்லாம் சிவப்பு.
காப்பின் வாரை இறுக்கிக்கொண்டு
வலைக்கு முன்னால் குனிகிறேன்.
வலது பக்கமாவே அடிங்கடி.