ஐந்நூற்று ஒன்று

முதல் கம்பெனி
ஐந்நூறு பேர் வரை இலவசம் என்றது.
என்னிடம் ஐந்நூற்று முப்பத்தேழு.
தொதல் வாங்கியவர்கள்,
வாங்குவதாகச் சொல்லி முகவரி மட்டும் தந்தவர்கள்,
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
நெய்க்கறைக்கு அடியில் கிடந்து
ஜியா க்யூவா என்று தெரியாமல்
இரண்டு விதமாகவும் ஏற்றிவைத்த ஒருவர்.

இரண்டாவது, டாலரில் கேட்டது.
பதிமூன்று டாலர்.
இரண்டு கிலோ சாயல்குடிக் கருப்பட்டி, பத்துத் தேங்காய்.
சரி என்று அட்டை எண்ணைப் போட்டால்
வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி இல்லையாம்.
கீழக்கரையில்!
பாதி வீட்டு உலை
திர்ஹத்தில் கொதிக்கிற ஊரில்.

மூன்றாவது கம்பெனியிலிருந்து ஒரு பையன் பேசினான்.
"மேடம், உங்க ஓப்பன் ரேட் என்ன?"
ஒன்பது மணிக்குத் திறப்பேன்,
வெள்ளிக்கிழமை மட்டும் மூன்றுக்கு மேல் என்றேன்.
சிரிக்காமல் விளக்கினான்.
அதற்காகவே பதினாலு நாள் சோதனைக்குச் சம்மதித்தேன்.

கடிதத்துக்குள் ஒரு புள்ளி போகுமாம்,
கண்ணுக்குத் தெரியாத படம்.
திறந்தவுடன் திரும்பி வந்து சொல்லிவிடும்:
யார், எந்த ஊர், எத்தனை மணி, எத்தனை தடவை.

கச்சான் காற்று மண்ணை வாரி
ஷட்டரில் அடித்த வாரம் அது.
மூன்று முறை கரண்ட் போனது.
"புதுக் கருப்பட்டி இறங்கியாச்சு" என்று தலைப்பிட்டு
எல்லோருக்கும் ஒரே அழுத்து.

ஜுலைகா லாத்தா, மண்ணடி: திறந்தார், அரைக் கிலோ.
கொழும்பிலிருந்து பஸ்லியா:
திறந்தார், தேங்காய்ப்பால் எத்தனை நாள் தாங்கும் என்றார்.
பினாங்கு சதக்கு மாமா: திரும்பி வந்தது.
மௌத்தாகி ஒன்றரை வருஷம்.
கத்தத்துக்குத் தொதல் அனுப்பியவளே நான்தான்.

இபுராம்சா, ஜுபைல்:
இரவு இரண்டு பத்துக்குத் திறந்தார்.
இரண்டு பதினாலு. மூன்று.
மறுநாளும் இரண்டு மணிக்கு மேல்.
மொத்தம் பதினொரு தடவை.
இரண்டு வருஷமாய் ஒரு துண்டு வாங்கியதில்லை.

அவர் முகம் எனக்குத் தெரியாது.
ஆனால் அவர் தூங்காதது தெரிந்துவிட்டது.

எங்கள் சந்துக்குள் நுழைகிற ஆம்பளைகள்
ஒரு இருமல் இருமிவிட்டு வருவார்கள்.
நாங்கள் முந்தானையைச் சரிசெய்வதற்குள்
காலடி மெதுவாகும்.
அந்தப் பையன் விற்கிற சாமானில்
எல்லாம் இருக்கிறது,
இருமல் இல்லை.

"வாங்காதவனை வெட்டு" என்றார் காக்கா.
"ஐந்நூறுக்குள் அடங்கிடும். இலவசமாவே ஓட்டு."
நியாயம்தான்.
உட்கார்ந்து வெட்டினேன்.
சதக்கு மாமா. ஜியும் க்யூவும்.
ஒரே ஆள் மூன்று பெயரில்.
மூணு பெட்டி வாங்கிக் காசு தராத மரைக்காயரை
மகிழ்ச்சியோடு.
முப்பத்தாறில் விரல் நின்றது.
முப்பத்தேழாவது ஜுபைல்.

நாலாவது ஒன்று கிடைத்தது.
அதன் கடிதத் தாள் தாலுகா ஆபீஸ் படிவம் மாதிரி இருக்கும்.
தமிழில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.
ஆனால் ரூபாயில் வாங்கிக்கொள்கிறது,
அந்தப் புள்ளியை அணைக்க ஒரு பொத்தானும் உண்டு.
அணைத்தேன்.
இதிலும் ஐந்நூறு வரைதான் சும்மா.
ஒரே ஓர் ஆளுக்காக
மாதம் நானூற்றுத் தொண்ணூறு.
காக்காவிடம் சொல்லவில்லை.

வியாழன் இரவு முதல் கடிதம் போனது.
யார் திறந்தார்கள் என்று தெரியாது.
கிண்டுகிற அகப்பையைப் பிடித்தபடி
ஒரு தடவை மணி பார்த்தேன், அவ்வளவுதான்.

காலையில் ஒரே ஒரு தகவல்:
"வேண்டாம்" பொத்தானை ஒருவர் அழுத்தியிருந்தார்.
பட்டியல் சரியாக ஐந்நூறு.
நெஞ்சு திக்கென்று பெயரைப் பார்த்தால்
ஜுலைகா லாத்தா.
போன் போட்டேன்.
"கை பட்டுருச்சுடி, எழுத்து என்ன இத்தனை பொடிசு,
ஒரு கிலோ அனுப்பு."

திரும்பச் சேர்த்தேன்.
ஐந்நூற்று ஒன்று.